ஒரு பேப்பர் மட்டும் பாக்கி

ஜனவரி 22, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. காலையிலேயே வரும் என்றார்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளம் மதியம்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைத் திறக்கக்கூட இல்லை.

எங்கள் மின்பொறியியல் துறையில் ஆசிரியர் ஒருவருக்கு இருபது பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறார்கள். மெண்டார் என்று பெயர். முதல் வருடம் கையில் வாங்கினால் நாலாவது வருட முடிவில் பட்டத்தோடு வெளியே அனுப்ப வேண்டும். வகுப்புக்கு வராதவனை ஹாஸ்டலிலிருந்து எழுப்பி வருவது, அழுகிறவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பது, மாதம் ஒருமுறை பெற்றோருக்குப் போன் போட்டுப் படிப்பு எப்படி என்று சொல்வது எல்லாம் நம் தலையில். பிள்ளை பெறாதவளுக்கு ஒரே பிரசவத்தில் இருபது என்று மும்தாஜ் கேலி செய்வாள். இயற்பியல் துறைக்காரி, பொது ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை. அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

என் இருபதில் பத்தொன்பது பேர் கரை சேர்ந்தாயிற்று. முப்பிடாதி மட்டும் மறுபடியும் எம்-த்ரீயில் போய்விட்டாள். இரண்டாம் வருடத்துக் கணிதப் பேப்பர். மற்ற எல்லாவற்றிலும் எண்பதுக்கு மேல் வாங்குகிற பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை எழுதினாலும் அரியர். அரியர் இருப்பதால் வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனிக்காரனும் அவளை உட்காரவிடவில்லை.

துறைத் தலைவர் அருள்ராஜ் சார் கூப்பிட்டனுப்பினார். "பிரமிளா, மே மாசப் பரீட்சைதான் கடைசி. அதுலயும் போச்சுன்னா நாலு வருஷத்துல முடிச்சவங்க கணக்குல அந்தப் பிள்ளை வராது. அங்கீகாரக் கமிட்டிக்காரங்க வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"முடிச்சிருவா சார்" என்றேன்.

ஜனவரி 24, புதன்

முப்பிடாதியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எட்டயபுரத்துப் பிள்ளை. அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதனாலேயே இந்தத் துறைக்கு வந்தவள். ரெட்டைச் சடை, எப்போதும் இஸ்திரி போட்ட துப்பட்டா.

"வீட்ல போட்டா வருது மேடம். ஹாலுக்குள்ள போனா மறந்து போவுது."

"மத்த பேப்பரெல்லாம் மறக்கலையா?"

"அதெல்லாம் ஞாபகம் இருக்கு மேடம்."

எழுந்து போகும்போது, "நீங்க ரொம்பக் கவலைப்படாதீங்க மேடம்" என்றாள். அரியர் வைத்திருக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஜனவரி 28, ஞாயிறு

துணி துவைத்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது. பத்து மணிக்கு வழக்கம்போல் ஓசூரிலிருந்து இவர் போன்.

"தீசிஸ் எங்க வந்திருக்கு?"

"அஞ்சாவது அத்தியாயம்."

"போன மாசமும் அஞ்சாவதுதான் சொன்ன."

"அது திருத்தம். இது சரிபார்க்கறது."

மேற்கொண்டு கேட்கவில்லை. கதிரேசன் நல்லவர், எதையும் துருவமாட்டார். நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது அவர்தான் எங்கள் அம்மாவிடம் எனக்காகப் பேசினார். தீசிஸ் முடிந்ததும் இந்த வேலையை விட்டுவிட்டு நான் ஓசூருக்கே போய்விடுவதாக ஏற்பாடு. அங்கே வீடு கட்டியிருக்கிறார். எனக்கென்று ஒரு படிப்பறை, கிழக்குப் பார்த்த ஜன்னல். போன வாரம் அலமாரியும் போட்டாகிவிட்டதாம்.

பொங்கலுக்குப் போயிருந்தேன். மாமியார் எனக்குப் பிடிக்கும் என்று தினமும் வெண்டைக்காய் செய்தார். யாரும் ஒரு குறை வைக்கவில்லை. தேர்வுப் பணி இருக்கிறது என்று சொல்லி முன்னதாகவே கிளம்பி வந்தேன். கோவில்பட்டியில் இறங்கி இந்த ஒற்றை அறைப் பூட்டைத் திறந்ததும் அப்படி ஒரு பசி. அங்கே இருந்தவரை பசிக்கவே இல்லை. தண்ணீர் மாற்றம்தான் காரணமாக இருக்கும்.

மதியம் மேற்கோள் பட்டியலில் காற்புள்ளிகளைச் சரிபார்த்தேன். அதையும் யாராவது செய்துதானே ஆக வேண்டும்.

பிப்ரவரி 5, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்ஸ் லேபின் மூலையில் முப்பிடாதிக்குப் பாடம் தொடங்கியிருக்கிறேன். நான் படித்துப் பல வருடம் ஆன கணக்கு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஃபூரியர் தொடரைத் தூசி தட்டிக்கொண்டு போனேன். ஒரு கணக்கைக் கொடுத்தேன். அழிப்பானைத் தொடாமல் போட்டு முடித்தாள். அடுத்ததை நான் போர்டில் போட்டேன்.

"மேடம், அங்க மைனஸ் வரணும்" என்றாள்.

வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, ஹாலில் பயம் வந்துவிடுகிறது. பயத்துக்கு மருந்து பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

குளுக்கோஸ் டப்பா வாங்கிக் கொடுத்தேன். கழுகுமலைக்குப் போய் அர்ச்சனை செய்து திருநீறும் கொண்டுவந்தேன். பரீட்சைக்கு முன்னால் மூச்சை இழுத்து விடும் பயிற்சி ஒன்றை வீடியோ பார்த்துச் சொல்லிக் கொடுத்தேன். அவள் மரியாதையாக மூச்சு விட்டாள். என் மூச்சுதான் வாங்கிற்று.

பிப்ரவரி 23, வெள்ளி

பழைய கேள்வித்தாளைக் கொடுத்து லேபிலேயே மாதிரிப் பரீட்சை வைத்தேன். தொண்ணூற்றுச் சொச்சம். கை தட்டலாம்போல இருந்தது. உடனே அவள் அப்பா சண்முகவேலுக்குப் போன் போட்டேன். இந்த மாதத்துப் போன் எப்படியும் பாக்கி இருந்தது.

"இந்தத் தடவை கண்டிப்பா முடிச்சிருவா. நான் பொறுப்பு" என்றேன்.

"நீங்க சொன்னா சரியா இருக்கும் டீச்சர்." பின்னால் ஏதோ மோட்டார் ஓடி நின்றது. "இந்த ஒத்தப் பேப்பரு எங்க வீட்ல எத்தனை பேரக் காக்க வச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர்."

இவள் சம்பாதித்து வருவாள் என்று ஒரு குடும்பமே காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

முப்பிடாதி பாடத்துக்கு வரவில்லை. தலைவலியாம்.

மார்ச் 3, ஞாயிறு

பத்து மணிக்கு இவர் போன். அஞ்சாவது அத்தியாயம்.

பதினொரு மணிக்கு என் நெறியாளர் போன். எதிர்பார்க்கவே இல்லை. "பிரமிளா, போன ஆகஸ்டுலயே நான் எல்லாத்தையும் பாத்து முடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே, ஏன் இன்னும் பல்கலைக்கழகத்துல குடுக்கல? ஜூன் கடைசிக்கு மேல உனக்கு நீட்டிப்பு கிடையாது. பதிவே ரத்தாயிடும்."

பக்க ஓரத்து இடைவெளி சரியில்லை, மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சரியில்லைதான். இடப்பக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

இந்த வாரமும் அவள் சரியாக வரவில்லை. ஒருநாள் வந்தாள். வந்தும் இரண்டாவது வரியிலேயே தப்பு. மைனஸை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் மைனஸை விடுகிறாள். கேட்டால், "மறந்து போச்சு மேடம்." குளுக்கோஸ் டப்பாவைப் பிரிக்காமல் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் ஏதாவது அதிகமாக நெருக்கிவிட்டேனா? அருள்ராஜ் சார் வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். நானும் காட்டுகிறேன்.

மார்ச் 14, வியாழன்

மும்தாஜிடம் புலம்பினேன். அவளுக்குத்தான் எப்போதும் தேர்வு ஹால் பணி விழும்.

"யாரு, அந்த ரெட்டைச் சடைப் பிள்ளையா? நவம்பர்ல என் ஹால்லதான் இருந்தா. பயந்த பிள்ளை மாதிரி எனக்குத் தெரியலையே. ஃபேனுக்கு அடியில ஜம்முனு உக்காந்து ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. வெளிய போகலாம்னு மொத மணி அடிச்சதும் மொத ஆளாப் பேப்பரக் குடுத்துட்டுப் போயிட்டா."

"ஒண்ணுமே எழுதலையா?"

"பேரும் பதிவு எண்ணும் எழுதியிருந்தா. கையெழுத்து அழகா இருந்துச்சு."

திருநீறும் மூச்சுப் பயிற்சியும் வைத்துக்கொண்டு நான் யாருக்கு வைத்தியம் பார்த்தேன்?

மார்ச் 15, வெள்ளி

லேபில் எல்லாரும் போன பிறகு அவளை நிறுத்தி நேராகவே கேட்டேன். ஏன் எழுதாமல் வருகிறாய்?

கொஞ்ச நேரம் மோட்டார் மேல் படிந்திருந்த தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"எழுதினா பாஸாயிருவேன் மேடம்."

"அதுக்குத்தானம்மா எழுதுறது."

"பாஸாயிட்டா கல்யாணம்."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிளஸ் டூ முடித்தபோதே தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பேசியிருக்கிறார்கள். இவள் படிக்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். அந்த மாமாவே இவளுக்காகப் பரிந்து பேசி, பிள்ளை ஆசைப்படுகிறது, படிப்பு முடியட்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவளும், படிப்பு முடிந்ததும் கட்டிக்கொள்கிறேன் என்று தலையாட்டியிருக்கிறாள்.

"அப்ப தலையாட்டுனா காலேஜு. அதான் ஆட்டிட்டேன். இப்ப அந்த ஒரு பேப்பரு பாக்கி இருக்கறவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க மேடம்."

"மாமா ஆளு எப்படி?"

"நல்லவரு மேடம். குடி கிடையாது, ஒரு சுடுசொல் பேசமாட்டாரு. என்னத்தச் சொல்லி வேண்டாம்னு சொல்ல? கெட்டவரா இருந்தாச் சொல்லிருவேன்."

"வேற யாரையும் மனசுல..."

"எல்லாரும் அதத்தான் கேப்பாங்கன்னு தெரியும் மேடம். யாரும் இல்ல. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க அப்பாவுக்குப் போன் போட்டு, நான் பொறுப்புன்னு சொன்னீங்களாம். மறுநாளே ஆவணிக்கு மண்டபம் சொல்லிட்டாரு."

நாலு வருடமாக மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போன் செய்திருக்கிறேன். வருகை இவ்வளவு, மார்க் இவ்வளவு என்று ஒப்பித்திருக்கிறேன். ஒருமுறைகூட இவளைக் கூப்பிட்டு, உன் வீட்டில் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டதில்லை. இருபது வீட்டுக்கும் அப்படித்தான். பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்குப் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றியதில்லை.

குற்றவுணர்ச்சி வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பிடித்து ஒரு மூச்சு ஏசினேன். "வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் திறந்து சொல்லு. இப்படித் தள்ளிப் போட்டுக்கிட்டே போனா எங்க போயி நிக்கும்? ஒரு பேப்பரப் பாக்கி வச்சிட்டு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறது படிக்கிற பிள்ளை செய்யற காரியமா?"

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உங்க தீசிஸ் எப்ப மேடம் முடியும்?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. துறையில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

மார்ச் 16, சனி

நேற்று மணி அடிக்கவில்லை. யாரும் படிக்காத இந்த டைரியில் எதற்குப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் அடித்தது. குளித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு மெசேஜ் போட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

அவளை எழுதச் சொன்னால் கல்யாண மண்டபத்துக்குள் தள்ளிவிடுகிறேன். எழுத வேண்டாம் என்றால் பட்டம் போகிறது, வேலை போகிறது, அருள்ராஜ் சார் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து நெஞ்செரிச்சல்தான் மிச்சம். கடைசியில் சோடா குடித்தேன்.

ஏப்ரல் 10, புதன்

சண்முகவேல் துறைக்கே வந்துவிட்டார், கையில் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தோடு. விரல் நகமெல்லாம் வார்னிஷ் கறை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஆவணியில முகூர்த்தம் டீச்சர். நீங்க அவசியம் வரணும். எம் மச்சினன் குருசாமிக்கு முப்பத்தஞ்சு முடியப்போவுது. அவங்கூட்டாளியெல்லாம் பிள்ளைகள ஸ்கூலுக்குக் கொண்டுபோயி விடுதான். இவன் ஒரு நாளு, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. பாப்பா பரீட்சைக்குப் போற அன்னைக்கெல்லாம் கோயில்ல விளக்குப் போட்டுட்டு வருவான்."

வாய்வரை வந்தது. உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லியே விட்டேன்.

"அவகிட்ட என்ன டீச்சர் கேக்க? படிப்பு முடிஞ்சா சரின்னு அவதான சொன்னா" என்று சிரித்தார். மனதில் கபடமே இல்லாத சிரிப்பு. அதற்குமேல் சொல்ல வேண்டியது என் வாயால் வரக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

காராச்சேவு முழுவதையும் நானே தின்றேன்.

ஏப்ரல் 24, புதன்

இன்று முப்பிடாதியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"இனிமே உன் மார்க்க உன்னைக் கேக்காம யாருக்கும் சொல்லமாட்டேன். உங்க வீட்டுக்குப் போனும் போடமாட்டேன். சொல்றதா இருந்தா நீயே சொல்லு. பரீட்சை எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதினா உனக்கொரு பட்டம் இருக்கும். அதுக்கப்புறம் வர்றதுக்கு நான் பொறுப்புன்னு இனிமே சொல்லமாட்டேன்."

"ஹெச்.ஓ.டி. சார் உங்கள ஏசமாட்டாரா மேடம்?"

"ஏசுவார்."

யோசித்தாள். "நாளைக்கு மத்தியானம் லேபு தொறந்திருக்குமா மேடம்?" என்று கேட்டாள்.

மே 6, திங்கள்

இன்று எம்-த்ரீ பரீட்சை. சொந்தத் துறைப் பிள்ளைகள் எழுதும் ஹாலுக்குள் எங்களை விடமாட்டார்கள். வராந்தாவில் நிற்கவும் கூடாது. எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து அந்த ஹாலின் கதவு தெரியும். தோட்டக்காரர் என்னைப் பார்த்து, மேடம் எதையாவது தொலைச்சிட்டீங்களா என்றார். வளையல் என்றேன். பாவம், அவரும் கொஞ்ச நேரம் தேடினார்.

வெளியே போகலாம் என்ற மணி அடித்தது. கதவு திறந்தது. ஒரு பையன் வந்தான். இன்னொரு பையன். பின்னால் ஒரு சுடிதார் தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அது வேறு பிள்ளை. கதவு மூடிக்கொண்டது. வெயில் ஏறியது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாளோ, இப்போது எழுந்திருப்பாளோ என்று என் உயிர் கதவிலேயே இருந்தது. நான்தான் இஷ்டம் என்றேன். சொல்வது சுலபம். வரக்கூடாது, வந்துவிடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

கடைசி மணி அடித்தபிறகுதான் வந்தாள். சுண்டுவிரல் பக்கமெல்லாம் மை. நேராகத் தொட்டிக்கு வந்தாள். நான் நின்றது அவளுக்கு ஜன்னல் வழியே தெரிந்திருக்கிறது.

"கூடுதல் தாள் வாங்கி எழுதினேன் மேடம். எல்லாக் கணக்கும் போட்டுட்டேன்."

"பயமா இருந்துச்சா?"

"இப்பத்தான் பயமா இருக்கு." தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "ஃபெயிலாயிட்டு வேண்டாம்னா, பாஸாகட்டும், பாத்துக்கலாம்பாங்க. பாஸாயிட்டுச் சொன்னாத்தான மேடம் வேண்டாம்னு அர்த்தம்?"

ஆமாம் என்றேன்.

மே 19, ஞாயிறு

இவர் போன். படிப்பறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். "நீதான உக்காந்து படிக்கப்போற, உன் இஷ்டத்தைச் சொல்லு" என்றார். வெளிர்ப் பச்சை என்று சொல்லி வைத்தேன். வைத்தபிறகு வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 28, செவ்வாய்

சண்முகவேல் போன் செய்தார். "பாஸாயிருவாளா டீச்சர்?"

"உங்க மகளையே கேளுங்களேன்."

"எப்பவும் நீங்கதான டீச்சர் சொல்லுவீங்க?"

"இனிமே அவளே சொல்லுவா."

சரி டீச்சர் என்று வைத்துவிட்டார். என்மேல் வருத்தப்பட்டிருப்பார்.

ஜூன் 12, புதன்

முப்பிடாதி பாஸ். என் இருபதும் முழுசாகக் கரையேறிவிட்டது. அருள்ராஜ் சார் துறை முழுக்க லட்டு கொடுத்தார். "நான் சொல்லல, பிரமிளா கையில குடுத்தா முடியும்னு." எனக்கு லட்டு இறங்கவில்லை. அவளிடமிருந்து போன் இல்லை. நானும் போடக்கூடாது, சொன்ன சொல் இருக்கிறது.

ஜூன் 15, சனி

போன் இல்லை. வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்களோ? அடித்திருப்பார்களோ? அல்லது சொல்லாமலேயே தலையை ஆட்டிவிட்டாளோ? இருபதும் கரையேறியது என்று எழுதியிருக்கிறேன். எந்தக் கரையில் ஏறினாள் என்று தெரியாமல் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

ஜூன் 19, புதன்

வந்தாள். மெலிந்திருந்தாள். தற்காலிகச் சான்றிதழ் வாங்க வந்தேன் என்றாள். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் அடுத்த வாரம் இன்டர்வியூவாம், கூடப் படித்தவள் வீட்டில் தங்கிக்கொள்ளப் போகிறாள்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"மொதல்ல மாமாகிட்டத்தான் மேடம் சொன்னேன். அவருக்குத்தான மொதல்ல தெரியணும். அரிசி லோடு ஏத்திக்கிட்டிருந்தாரு. தனியாக் கூப்பிட்டு, உங்கமேல ஒரு குறையும் இல்ல மாமா, எனக்கு இது வேண்டாம்னு சொன்னேன். பேப்பர வேணும்னுதான் எழுதாம விட்டேன்னும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"லாரியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், 'இத நாலு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே பாப்பா'ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும் மேடம்."

அவள் கண் கலங்கி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவர் நல்லவர் என்பதால் மனம் நோகக்கூடாது என்று தள்ளிப்போட்டாளாம். தள்ளிப்போட்டதில்தான் அவருக்கு வயது போயிருக்கிறது, அதை நான் யோசிக்கவே இல்லை மேடம் என்றாள்.

அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்கு வந்து, மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அத்தான் என்று அவராகவே சொல்லியிருக்கிறார். அம்மா இன்னும் அழுகிறாளாம். அப்பா இவளோடு பேசுவதில்லை.

"பேசல, ஆனா காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டாரு. பஸ்ஸு கெளம்புறவரைக்கும் அங்கனயே நின்னாரு."

போகும்போது என் மேசையில் கிடந்த தீசிஸ் கட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூன் 20, வியாழன்

காலையில் தீசிஸின் பக்க ஓரத்து இடைவெளியைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. தீசிஸ் கட்டை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ் பிடித்து, பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு, மதியம் துறைக்குத் திரும்பினேன். அறையில் யாரும் இல்லை. மும்தாஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடியும் மேற்கோள் பட்டியலைத் திறந்துவிடுவேனோ என்று பயம்.

ஓசூருக்குப் போன் போட்டேன்.

"என்னாச்சு? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. உடம்பு சரியில்லையா?" பதறினார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தீசிஸக் குடுத்துட்டேன்."

"அப்படியா" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். அம்மா, பிரமிளா முடிச்சிட்டாளாம் என்று அங்கே யாருக்கோ சொல்வது கேட்டது. "எப்ப முடிச்ச, சொல்லவே இல்ல?"

"போன ஆகஸ்டுலயே முடிஞ்சிருச்சு."

அங்கே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஏன் இவ்வளவு நாளா வரல?" என்றார். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சுவரில் இருந்த மணியைப் பார்த்தேன். அது அடிக்கவில்லை. எனக்கு அங்கே வர மனசில்லை என்று சொன்னேன்.